உங்கள் நாய் ஒருவரைக் கடித்துவிட்டால்: அமெரிக்காவில் வீட்டுக் காப்பீடு எதுவரை தாங்கும்?

எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் கோல்டன் ரிட்ரீவர் வளர்க்கிறது. யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் முகத்தை நக்கும் சாது. ஒரு நாள் வேலிக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடக்க, அது வெளியே பாய்ந்து, நடைப்பயிற்சிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி மேல் ஆசையாகத் தாவியது. பல் படவே இல்லை. ஆனால் பாட்டி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அன்றிரவு அந்த வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்: "நம்ம வீட்டு இன்ஷூரன்ஸ்ல இதெல்லாம் வருமா?" பன்னிரண்டு வருடமாகப் பிரீமியம் கட்டுகிறவர். வங்கிக் கடனோடு சேர்த்து எஸ்க்ரோவில் பணம் தானாகப் போய்விடுவதால் ஒரு தடவைகூடப் பாலிசியைத் திறந்து பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அன்றிரவுதான் என்னுடையதைத் திறந்தேன்.

பெரும்பாலும் வரும். ஆனால் அது நாயின் குணத்தைப் பொறுத்ததில்லை. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது, அதை வாங்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், சம்பவத்துக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் இரண்டும் நாய் யாரையும் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட்ட விஷயங்கள். அதனால்தான் இதை இன்றே உட்கார்ந்து படிக்கச் சொல்கிறேன்.

தொகை சின்னதில்லை. இன்ஷூரன்ஸ் இன்ஃபர்மேஷன் இன்ஸ்டிட்யூட் கணக்குப்படி 2024-ல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய் தொடர்பான காயங்களுக்காக 22,658 கிளைம்களைச் சந்தித்தன. மொத்தம் சுமார் 157 கோடி டாலர். ஒரு கிளைமுக்குச் சராசரி 69,272 டாலர். கடி மட்டுமல்ல, தாவித் தள்ளிவிட்டதும் சைக்கிளில் போனவரை விழவைத்ததும் இதில் அடக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. கீழே நான் சொல்வது சொந்த வீட்டுக்குப் பரவலாகப் புழங்கும் ஹெச்ஓ-3 வகைப் பாலிசியின் வாசகங்களை வைத்து. உங்கள் கையில் இருக்கும் தாளில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

முதல் படி: டிக்ளரேஷன்ஸ் பக்கத்தை எடுங்கள்

நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைந்தால் பிடிஎஃப் கிடைக்கும். முதல் ஒன்றிரண்டு பக்கங்களே டிக்ளரேஷன்ஸ், அதாவது பாலிசியின் சுருக்கம். அதில் ஏ, பி, சி, டி என்று வருவதெல்லாம் வீடு, கொட்டகை, வீட்டுச் சாமான், வீடு எரிந்தால் வெளியே தங்கும் செலவு. நம் கண் எப்போதும் அங்கேயே நின்றுவிடுகிறது. நாய் சமாச்சாரம் அதற்குக் கீழே, இரண்டே வரியில் இருக்கும்.

கவரேஜ் ஈ என்பது பெர்சனல் லயபிலிட்டி. உங்கள் மேல் சட்டப் பொறுப்பு விழுந்தால் காயப்பட்டவருக்கு நிறுவனம் கொடுக்கும் உச்சவரம்பு. பல பாலிசிகளில் இது 1,00,000 டாலர் என்று தொடங்கும்; 3,00,000, 5,00,000 என்று ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு டிடக்டிபிள் (முதலில் உங்கள் கையிலிருந்து போகும் பங்கு) பொதுவாகக் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், வழக்கு வந்தால் உங்களுக்காக வாதாட வழக்கறிஞரை வைப்பதும் நிறுவனத்தின் கடமை. அந்தச் செலவு வழக்கமான பாலிசியில் உச்சவரம்பிலிருந்து கழிக்கப்படாது, தனி.

கவரேஜ் எஃப் என்பது மற்றவர்களுக்கான மருத்துவச் செலவு. 1,000 முதல் 5,000 டாலர் வரை இருக்கும். இதில் தப்பு யார் மேல் என்ற கேள்வியே வராது. விருந்தாளி கையில் நாலு தையல் போட்டால், வழக்கு வம்பு இல்லாமல் அந்த பில்லைக் கட்டுவதற்காகவே வைத்த சிறு தொகை. விபத்து நடந்து மூன்று வருடத்துக்குள் ஆகும் செலவு வரை இதில் கேட்கலாம். எமர்ஜென்சி அறைக்குள் ஒருமுறை போய்வந்தாலே 1,000 டாலர் காணாமல் போகும் நாட்டில் இதை 5,000 ஆக உயர்த்துவது நல்லது; கூடுதல் பிரீமியமும் பெரிதாக இருக்காது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கான ஹெச்ஓ-4, காண்டோவுக்கான ஹெச்ஓ-6 இரண்டிலும் இதே ஈயும் எஃபும் உண்டு. "சொந்த வீடு இல்லையே" என்று விட்டுவிட வேண்டாம்.

இரண்டாம் படி: பின்னால் ஒட்டியிருக்கும் எண்டார்ஸ்மென்ட்களைப் படியுங்கள்

எண்டார்ஸ்மென்ட் என்பது பாலிசியின் விதியை மாற்றும் இணைப்புத் தாள். முன்பக்கத்தில் 3,00,000 என்று போட்டுவிட்டு, நாற்பதாவது பக்கத்தில் அப்படி ஒரு தாளை ஒட்டி அதை நாய்க்கு மட்டும் இல்லாமல் செய்ய முடியும். அதனால் பாலிசியில் இருக்கும் படிவங்களின் பட்டியலைப் பார்த்து, "அனிமல்", "கேனைன்", "டாக்" என்ற சொல் எங்கே வந்தாலும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

அங்கே மூன்றில் ஒன்று இருக்கலாம். விலங்கால் வரும் எந்தப் பொறுப்பையும் ஏற்கமாட்டோம் என்ற முழு விலக்கு. அல்லது நாய் என்றால் 25,000 அல்லது 50,000 டாலர் வரைதான் என்ற குறுகிய வரம்பு. அல்லது குறிப்பிட்ட இனங்களும் முன்பு கடித்த நாய்களும் மட்டும் சேராது என்ற பட்டியல். இதில் எதுவுமே இல்லையென்றால் நாய் சாதாரணமாகக் கவரேஜ் ஈக்குள்ளேயே வருகிறது என்று அர்த்தம்.

இனப்பட்டியல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. பிட் புல், ராட்வைலர், டோபர்மேன், அகிடா, சௌ சௌ, ஓநாய்க் கலப்பு ஆகியவை அடிக்கடி வரும். சிலர் ஜெர்மன் ஷெப்பர்டையும் ஹஸ்கியையும் சேர்ப்பார்கள். எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. ஸ்டேட் ஃபார்ம் போன்றவை இனத்தைக் கேட்பதில்லை, அந்த நாய் முன்பு கடித்திருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. ஷெல்டரில் எடுத்த கலப்பு நாய்க்கு இனம் என்று காகிதத்தில் எழுதியிருப்பது பல சமயம் யாரோ ஒருவரின் கண்ணளவு ஊகம்.

சில மாநிலங்கள் இப்படி இனம் பார்ப்பதைச் சட்டத்தாலேயே தடுத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் இந்தப் பாதுகாப்பு பல வருடங்களாக இருக்கிறது. நெவாடாவிலும் நியூயார்க்கிலும் 2021-ல் சட்டம் இயற்றினார்கள். இனத்தைக் காரணம் காட்டி மட்டும் அங்கே பாலிசியை மறுக்க முடியாது. ஆனால் உங்கள் நாய் ஆபத்தானது என்று தனிப்பட்ட முறையில் அறிவிக்கப்பட்டிருந்தால் கதை வேறு.

மூன்றாம் படி: நாய் இருப்பதை நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறீர்களா?

வீடு வாங்கியபோது நாய் இல்லை. கோவிட் காலத்தில் குழந்தைகள் அடம்பிடித்து ஒன்று வந்தது. பாலிசி மட்டும் அப்படியே புதுப்பித்துக்கொண்டு போகிறது. இப்படி இருக்கும் வீடுகள் ஏராளம்.

விண்ணப்பத்திலோ புதுப்பிக்கும்போதோ "நாய் இருக்கிறதா, எந்த இனம், கடித்திருக்கிறதா" என்று கேட்டிருந்து, நீங்கள் பொய்யாகப் பதில் சொல்லியிருந்தால், கிளைம் வரும் நாளில் அது திரும்பி வரும். முக்கியமான தகவலை மறைத்தார் என்று கிளைமை மறுக்கலாம். பாலிசியையே ஆரம்பத்திலிருந்து செல்லாததாக்கவும் முயலலாம். ராட்வைலரை "லேப் மிக்ஸ்" என்று எழுதி வருடத்துக்கு நூறு டாலர் மிச்சம் பிடிப்பது, தேள் பையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பது மாதிரி.

ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். "எங்கள் வீட்டில் இந்த இனத்தில், இந்த வயதில் ஒரு நாய் இருக்கிறது. இதனால் ஏற்படும் காயங்களுக்குக் கவரேஜ் ஈயும் எஃபும் முழுத் தொகைக்கும் பொருந்துமா? விலக்கு ஏதாவது உண்டா?" போனில் கேட்காதீர்கள். போனில் எல்லோரும் "அதெல்லாம் கவர் ஆகும் சார்" என்பார்கள். எழுத்தில் கேட்டால்தான் பாலிசியைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்கள்.

நான்காம் படி: உங்கள் மாநிலத்தின் விதி

நாய் ஒரே மாதிரிதான் கடிக்கும். மாநில எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறும்.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, மிச்சிகன், மாசச்சூசெட்ஸ் போன்றவை ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி மாநிலங்கள். உங்கள் நாய் இதற்கு முன் ஒரு ஈயைக்கூடக் கடித்ததில்லை என்பது அங்கே வாதமே ஆகாது. கலிஃபோர்னியாவின் சிவில் கோட் 3342-ம் பிரிவைப் பாருங்கள். பொது இடத்திலோ, சட்டப்படி உள்ளே வர உரிமையுள்ள தனியார் இடத்திலோ இருந்தவரை நாய் கடித்தால் உரிமையாளர் பொறுப்பு. உங்கள் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரரும் இதில் அடக்கம்.

டெக்சாஸ், விர்ஜினியா போன்ற இடங்களில் பழைய "ஒன் பைட்" விதியின் வாடை இன்னும் இருக்கிறது. நாய் ஆபத்தானது என்று உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்றோ, அவர் கவனக்குறைவாக இருந்தார் என்றோ காயப்பட்டவர் காட்ட வேண்டும். பெயரைக் கேட்டு, முதல் கடி இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருக்கச் சொல்லும் லீஷ் சட்டம் உள்ள ஊரில் நாயை அவிழ்த்துவிட்டிருந்தால் அதையே கவனக்குறைவுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். நியூயார்க்கில் நாய் உரிமையாளர் மேல் கவனக்குறைவு என்று வழக்குப் போடவே முடியாமல் ஏறக்குறைய இருபது வருடம் இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் உச்ச மன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. கடிபட்டு வழக்குப் போட்டவர் ஒரு தபால் ஊழியர்.

ஃபுளோரிடாவில் ஒரு வேடிக்கையான விதி. வீட்டு முன்னால் தெளிவாகத் தெரியும்படி "பேட் டாக்" என்ற சொற்களோடு பலகை வைத்திருந்தால் உரிமையாளர் பொறுப்பிலிருந்து தப்பலாம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை கடிபட்டாலோ உரிமையாளரே கவனக்குறைவாக இருந்தாலோ தவிர. மாசச்சூசெட்ஸில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், அது நாயைச் சீண்டவில்லை என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். சீண்டியது என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. வழக்குப் போட கலிஃபோர்னியாவில் 2 வருடம், நியூயார்க்கில் 3 வருடம் என்று கெடு உண்டு. ஆனால் பல மாநிலங்களில் சிறுவர்களுக்கு 18 வயது ஆகும்வரை அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்காது. ஆறு வயதில் கன்னத்தில் விழுந்த வடுவுக்குப் பத்து வருடம் கழித்தும் கடிதம் வரலாம். பழைய பாலிசிக் காகிதங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஐந்தாம் படி: தொகை போதுமா?

சராசரி கிளைம் 69,272 டாலர் என்பதைப் பார்த்து 1,00,000 போதும் என்று தோன்றும். சராசரி என்பது நாலு தையலையும் முகம் கிழிந்த குழந்தையையும் சேர்த்துக் கலக்கிய எண். முகக்காயத்துக்கு ஒரு அறுவை சிகிச்சையோடு முடியாது. குழந்தை வளர வளர வடுவை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். கைவிரல் நரம்பு அறுந்தவர் கணினியில் வேலை செய்கிறவராக இருந்தால் இழந்த வருமானமும் சேரும். வரம்புக்கு மேல் போவதெல்லாம் உங்கள் சேமிப்பு, வீட்டின் ஈக்விட்டி, பல மாநிலங்களில் சம்பளத்தின் ஒரு பகுதி.

என் கருத்து: நாய் இருக்கும் வீட்டில் 3,00,000-க்குக் குறைவாக வைக்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு அம்பரெல்லா பாலிசி, அதாவது வீட்டுப் பாலிசியின் வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும் கூடுதல் பாலிசி. 10 லட்சம் டாலர் அம்பரெல்லாவுக்கு வருடத்துக்குச் சில நூறு டாலர்தான் ஆகும். கார் விபத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. ஆனால் கீழே இருக்கும் வீட்டுப் பாலிசியில் நாய் விலக்கப்பட்டிருந்தால் அம்பரெல்லாவிலும் விலக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கூரையில் ஓட்டை இருக்கும்போது மேலே குடை பிடித்துப் பிரயோஜனமில்லை. அப்படிப்பட்டவர்கள் நாய்க்கென்றே தனியாக விற்கும் கேனைன் லயபிலிட்டி பாலிசியை விசாரிக்கலாம்.

ஆறாம் படி: யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு இல்லை

நம் வீடுகளில் அதிகம் இடிக்கும் இடம் இதுதான்.

உங்கள் மனைவியையோ பிள்ளையையோ உங்கள் நாய் கடித்தால் இந்தப் பாலிசி ஒன்றும் தராது. ஒரே வீட்டில் குடியிருக்கும் உறவினர்கள் எல்லோரும் "இன்ஷூர்டு" என்ற வட்டத்துக்குள் வருகிறார்கள்; தன்னையே தான் வழக்குப் போட முடியாது. சரி, ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பாவும் அம்மாவும்? விசிட்டர் விசாவில் வந்து திரும்பப் போகிறவர்கள் விருந்தாளிகள் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் முகவரியில் ஆறு மாதம் இருந்தவர் குடியிருப்பவர்தான் என்று கிளைமை விசாரிக்கும் அட்ஜஸ்டர் சொல்லிப் பார்க்கவும் இடம் இருக்கிறது. இதையும் அந்த மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அப்புறம், அவர்கள் எடுத்து வரும் டிராவல் இன்ஷூரன்ஸ் விபத்துக்கு எவ்வளவு தருகிறது என்று பாருங்கள். நாயோடு பழக்கமில்லாத பெரியவர்களும் புது ஆட்களைப் பார்த்து மிரளும் நாயும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் முதல் இரண்டு வாரம்தான் கவனம் தேவை.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது நாயை நண்பர் வீட்டில் விடுகிறோம். அங்கே அது யாரையாவது கடித்தால்? உங்கள் லயபிலிட்டி உங்கள் காம்பவுண்டோடு நிற்பதில்லை. பூங்காவுக்கும் நண்பர் வீட்டுக்கும் கூடவே வரும். உங்கள் சம்மதத்தோடு நாயைப் பார்த்துக்கொள்ளும் நண்பரையும் அந்த நாய் சம்பந்தப்பட்ட வரைக்கும் உங்கள் பாலிசி "இன்ஷூர்டு" ஆக எடுத்துக்கொள்கிறது. ஆனால் அவர் காசு வாங்கிக்கொண்டு தொழிலாகச் செய்கிறார் என்றால் இல்லை. நீங்களே செயலி வழியாக மற்றவர் நாய்களைக் காசுக்குப் பார்த்துக்கொண்டால், அது வியாபாரம். உங்கள் வீட்டுப் பாலிசியின் வியாபார விலக்கு அங்கே குறுக்கே நிற்கும்.

உங்கள் நாய் இன்னொரு நாயைக் கடித்தால், சட்டத்தின் கண்ணில் அது பொருள் சேதம். கால்நடை மருத்துவர் பில் எஃபில் வராது, ஈயின் கீழ் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: சம்பவம் நடந்த அன்று

நாயை ஒரு அறையில் பூட்டுங்கள். காயத்தைச் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சின்னக் கீறல் என்று விட்டு, மறுநாள் கை வீங்கி நிற்பவர்கள் உண்டு. ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.

மருத்துவமனை வழியாகத் தகவல் ஊரின் விலங்குக் கட்டுப்பாட்டுத் துறையான அனிமல் கன்ட்ரோலுக்குப் போகும். அவர்கள் வந்தால் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான நாய் என்றால் 10 நாள் கண்காணிப்பு. தடுப்பூசி சரியாகப் போட்டிருந்தால் பல ஊர்களில் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விடுவார்கள். நாயை நண்பர் வீட்டுக்கு ஒளித்து அனுப்புவதுதான் செய்யக்கூடாத வேலை.

அடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். இங்கேதான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். கடிபட்டது நண்பரின் குழந்தை. "நமக்குள்ள என்ன கேஸு, செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். பாலிசியின் நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கிறது: முதலுதவி தவிர, நிறுவனத்தைக் கேட்காமல் நீங்களாகப் பணம் கொடுத்தாலோ பொறுப்பை ஏற்றாலோ அது உங்கள் சொந்தச் செலவு. நலம் விசாரியுங்கள், கூடவே மருத்துவமனைக்குப் போங்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். "எல்லாம் என் தப்பு, மொத்தத்தையும் நான் தருகிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

நண்பர் வழக்குப் போடமாட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய ஹெல்த் இன்ஷூரன்ஸ் "இந்தக் காயம் எப்படி ஏற்பட்டது" என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பும். தான் கட்டியதை உங்கள் நிறுவனத்திடம் திரும்பக் கேட்கும். அது அவர் கையிலேயே இல்லை. அதனால் நண்பரிடம் நேராகச் சொல்லுங்கள்: "நீ என் மேல கேஸ் போடல. நான் பிரீமியம் கட்டுறதே இதுக்குத்தான், என் இன்ஷூரன்ஸ்ல கேளு." இந்த ஒரு பேச்சு பல நட்புகளைக் காப்பாற்றும்.

நடந்ததை அன்றே எழுதிவையுங்கள். கதவு, லீஷ், வேலி, காயம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பார்த்தவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் கடிதமோ நீதிமன்ற சம்மனோ வந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதில் சொல்ல நீதிமன்றம் தரும் அவகாசம் வாரக் கணக்குதான்.

எட்டாம் படி: கிளைமுக்குப் பிறகு

கிளைம் விவரம், காப்பீட்டு நிறுவனங்கள் எடுத்துப் பார்க்கும் க்ளூ என்ற கிளைம் வரலாற்று அறிக்கையில் ஏழு வருடம் இருக்கும். லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் நிறுவனம் நடத்தும் இந்த அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை நீங்களே இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். தப்பு இருந்தால் திருத்தக் கேட்கலாம். புதுப்பிக்கும் நேரத்தில் நிறுவனம் பிரீமியத்தை ஏற்றலாம், நாய் விலக்குப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கலாம், அல்லது புதுப்பிக்க மறுக்கலாம். விலக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வேறு நிறுவனங்களை விசாரியுங்கள். முன்கடி பற்றி அங்கேயும் கேட்பார்கள், அங்கேயும் உண்மையையே சொல்ல வேண்டும். ஊர் நிர்வாகமோ நீதிமன்றமோ நாயை ஆபத்தானது என்று அறிவித்தால் காப்பீடு கட்டாயமாகவும் ஆகலாம். விர்ஜினியாவில் அப்படிப்பட்ட நாய்க்குக் குறைந்தது 1,00,000 டாலர் லயபிலிட்டி அல்லது அதற்கு ஈடான ஜாமீன் காட்ட வேண்டும்.

எங்கள் தெருக்காரர் விஷயத்தில் நிறுவனம் எஃபில் இருந்ததை முதலில் கொடுத்தது. மிச்சத்தை ஈயின் கீழ் பாட்டியின் குடும்பத்தோடு பேசி முடித்தார்கள், நீதிமன்றம் போகவில்லை. அடுத்த வருடம் பிரீமியம் ஏறியது. அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். வேலிக் கதவுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கீலும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போட்டார். இரண்டும் சேர்த்து நாற்பது டாலர் ஆகியிருக்கும்.